என் மச்சானின் மாலைக்கண்

என் மச்சான் இறந்து இரண்டு வருடம் ஆகப்போகிறது. இன்னமும் சாயங்காலம் ஐந்தரை மணி ஆனால் என் கை தானாகச் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்துவிடுகிறது. செங்கல்பட்டு அலுவலகத்தில் கூட வேலை செய்கிறவர்கள் நான் மணி பார்ப்பதாக நினைத்துக்கொள்கிறார்கள். ஜன்னலுக்கு வெளியே வெளிச்சம் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்றும் ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் போனை உள்ளே வைப்பேன். வெளிச்சத்தைப் பார்ப்பது முப்பது வருடத்துக்கு மேற்பட்ட பழக்கம். யாருக்காகப் பார்த்தேனோ அவன் போன பிறகும் விட்டுப் போகவில்லை.

அவன் என் அத்தை மகன். சதுரங்கப்பட்டினத்துக்கு மேற்கே, மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் தெரு. எங்கள் அப்பாக்கள் காலம் வரை அந்தத் தெருவில் ஒருவர் பெயரிலும் நிலம் கிடையாது. நடவுக்கும் அறுப்புக்கும் கூலிக்குப் போனவர்கள். எங்கள் காலத்தில்தான் வீட்டுக்கு ஒரு சம்பளக்காரன் என்று ஆனது. ஒன்றாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அவனும் நானும் ஒரே வகுப்பு, பெரும்பாலும் ஒரே பெஞ்சு. பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டதாக ஞாபகம் இல்லை. அவனுக்கு நான் மச்சான், எனக்கு அவன் மச்சான்.

ஏழாம் வகுப்பு படிக்கும்போது சர்ச் வளாகத்தில் சாயங்கால டியூஷன் நடக்கும். அது முடிந்து வயல் நடுவே போகும் வண்டிப்பாதையில் வீட்டுக்குத் திரும்புவோம். மழை மாதங்களில் சீக்கிரம் இருட்டிவிடும். அப்போதெல்லாம் அவன் என் சட்டையின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டுதான் வருவான். பேய்க்குப் பயப்படுகிறான் என்று கேலி செய்வேன். அவனும் ஆமாம் என்பான்.

ஒருநாள் சட்டையை உதறிக்கொண்டு முன்னால் ஓடி ஒரு பனைமரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். கூப்பிடுவான் என்று பார்த்தேன். அழுவான் என்று பார்த்தேன். இரண்டும் இல்லை. கொஞ்ச நேரம் அசையாமல் நின்றான். பிறகு இரண்டு கைகளையும் முன்னால் நீட்டிக்கொண்டு, காலால் தரையைத் தடவித் தடவி நடக்க ஆரம்பித்தான். பாதை ஓரிடத்தில் வளைகிறது. அந்த வளைவில் வைக்கோல் ஏற்றிய டிராக்டர் டிரெய்லர் ஒன்றை நிறுத்தி வைத்திருந்தார்கள். ஒரு வீட்டளவுக்கு இருந்தது. நான் நின்ற இடத்திலிருந்தே அது எனக்கு நன்றாகத் தெரிந்தது. அவன் முகம் அதைப் பார்த்தபடியே இருந்தது. அப்படியே போய் அதன் இரும்பு விளிம்பில் வாயை மோதிக்கொண்டான்.

ஓடிப்போய்ப் பிடித்தேன். முன்பல் பாதி உடைந்து, வாயெல்லாம் ரத்தம்.

"அவ்ளோ பெருசா நிக்குது, தெர்லியா உனுக்கு?"

"தெர்ல மச்சான்."

"எது தெர்ல?"

"எதுவுமே. பொழுது சாஞ்சா எனுக்கு எதுவுமே தெரியாது. யார்கிட்டயும் சொல்லாத."

அத்தையிடம் நான்தான் தள்ளிவிட்டேன் என்று சொன்னேன். அப்பா என்னை அடித்தார். அவன் வாயில் துணியை வைத்து அழுத்திக்கொண்டு அதைப் பார்த்துக்கொண்டு நின்றான். அன்றிலிருந்து அவனுடைய கண் என்னிடம் ஒப்படைத்த பொருள் மாதிரி ஆகிவிட்டது.

அடுத்த வருடம் அறிவியல் பாடத்தில் மாலைக்கண் என்று ஒரு பத்தி வந்தது. கீரை, பப்பாளி, ஈரல், மீன் எண்ணெய் என்று போட்டிருந்தது. அத்தை வீட்டு முருங்கையை அவன் ஒரு வருடத்தில் மொட்டை அடித்துவிட்டான். காரணம் தெரியாமல் அத்தை சந்தோஷப்பட்டாள், பிள்ளை கீரை சாப்பிடுகிறானே என்று. கண்ணில் ஒரு மாற்றமும் இல்லை.

பதினைந்து வயதில் ஒருநாள் சதுரங்கப்பட்டினத்து டச்சுக் கோட்டைக்குப் பக்கத்தில் கடற்கரையில் உட்கார்ந்திருந்தோம். நல்ல வெயில். திடீரென்று சொன்னான்:

"எங்கப்பா குடிக்க மாட்டாராம் மச்சான்."

அவன் அப்பா அவனுக்கு மூன்று வயதாக இருக்கும்போது வயல் கிணற்றில் விழுந்து இறந்தவர். வேலை முடிந்து திரும்புகையில் பொழுது சாயும் நேரம். குடித்துவிட்டு விழுந்துவிட்டார் என்றுதான் தெருவில் இன்றைக்கும் சொல்வார்கள். நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன்.

"யார் சொன்னது?"

"அம்மா. ஒரு சொட்டுகூட தொட மாட்டாராம். ஆனா இருட்டற நேரத்துல வெளிய போன்னா சண்டை போடுவாராம். சோம்பேறின்னு அம்மா திட்டுமாம்."

அன்றைக்குப் பொழுது சாய்வதற்கு வெகுநேரம் முன்பே அவனைக் கிளப்பி வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

பன்னிரண்டாம் வகுப்புக்குப் பிறகு எனக்கு நில அளவைப் பிரிவில் வேலை கிடைத்தது. அவன் டிரைவிங் கற்றுக்கொண்டான். பகலில் அவன் கண் என் கண்ணைவிடக் கூர்மை. உரிமத்துக்கான கண் பரிசோதனையில் கடைசி வரியின் பொடி எழுத்துவரை நிறுத்தாமல் வாசித்துவிட்டு வந்தான். நான்தான் மனசு கேட்காமல் சென்னையில் ஒரு கண் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். டாக்டர் வெகுநேரம் விளக்கடித்துப் பார்த்தார். விழித்திரை ஓரத்திலிருந்து கருகிக்கொண்டு வருகிறது, மருந்து கிடையாது, முதலில் இருட்டு போகும், அப்புறம் பக்கவாட்டுப் பார்வை போகும், கடைசியில் குழாய் வழியாகப் பார்ப்பது மாதிரி நடுவில் மட்டும் கொஞ்சம் நிற்கும் என்றார். பரம்பரையாக வருவது என்றும் சொன்னார்.

"இப்ப என்ன வேலை பாக்கறீங்க?"

"டிரைவர் சார்."

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். "வேற எந்த வேலை வேணா பாருங்க. அது மட்டும் வேணாம்."

திரும்பும் ரயிலில் டாக்டர் கொடுத்த சீட்டை நான்காகக் கிழித்து வெளியே விட்டான். "நடுவுல தெரியுதுல்ல மச்சான். ரோடு நடுவுலதான கீது" என்று சிரித்தான். நானும் கூடவே சிரித்தேன். இன்றைக்கு நினைத்தால் அந்தச் சிரிப்புதான் முதலில் நினைவுக்கு வருகிறது.

இரண்டு வருடம் கழித்து அத்தை என் தங்கையைக் கேட்டு வந்தாள். கேட்கவேண்டிய முறை. தங்கைக்கும் சின்ன வயதிலிருந்தே அவன் மேல் ஆசை. அப்பா என்னைக் கூப்பிட்டு, "உன் கூட்டாளிதான், உனக்குத் தெரியாததா? என்ன சொல்ற?" என்று கேட்டார். நல்லவன் அப்பா, என்றேன். அது பொய்யில்லை.

கல்யாணத்துக்கு முன்னால் எங்கள் சர்ச்சில் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம் நிச்சயித்திருக்கிறது, இதற்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று போதகர் சபையைப் பார்த்துக் கேட்பார். கேட்டுவிட்டுக் கொஞ்சம் நிறுத்துவார். அது வெறும் சடங்கு, யாரும் எழுந்ததில்லை. மூன்று ஞாயிறும் அந்த இடைவெளியில் அவன் முன்வரிசையிலிருந்து திரும்பி என்னைப் பார்த்தான். மூன்று ஞாயிறும் நான் குனிந்து என் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தங்கை பெண்கள் பக்கம் தலையில் முக்காட்டோடு உட்கார்ந்திருந்தாள். தலைக்கு மேல் மின்விசிறி கிறீச்சிட்டுக்கொண்டு சுற்றியது. போதகர் அடுத்த அறிவிப்புக்குப் போய்விட்டார்.

அதன் பிறகு சொல்வதற்கு நேரமே வரவில்லை. அவர்களுக்கு ஒரு பையன் பிறந்தான். என் மச்சான் லாரி ஓட்டினான், வேன் ஓட்டினான், கடைசியில் ஜி.எஸ்.டி. ரோட்டில் இருக்கும் ஒரு கல்லூரியின் பஸ்ஸில் நிலைத்தான். காலையில் செய்யூர்ப் பக்கத்திலிருந்து கிளம்பி, பாலாற்றுப் பாலம் தாண்டி, சதுரங்கப்பட்டினம், திருக்கழுக்குன்றம், செங்கல்பட்டு வழியாகப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போவான். சாயங்காலம் அதே வழியில் கொண்டுவந்து விடுவான். கோடைகாலத்தில் பிரச்சினை இல்லை, கடைசி ஸ்டாப் வரைக்கும் வெளிச்சம் நிற்கும். ஐப்பசி பிறந்ததும் அவன் பேச்சைக் குறைத்துவிடுவான். தை கழியும் வரைக்கும் அவனுக்குச் சோறு இறங்காது. வயிறு சரியில்லை என்று தங்கை கஷாயம் வைத்துக் கொடுப்பாள்.

ஒரு கார்த்திகை மாதம் என் வண்டி பழுதாகி, செங்கல்பட்டிலிருந்து அவன் பஸ்ஸிலேயே ஊருக்குத் திரும்பினேன். டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் என்ஜின் மேல் உட்கார்ந்துகொண்டேன். பின்னால் முப்பது நாற்பது பிள்ளைகள், பாட்டும் சிரிப்புமாக. திருக்கழுக்குன்றம் தாண்டும்போது வெளிச்சம் வடிய ஆரம்பித்தது. அவன் முதுகு நிமிர்ந்தது. உதடு மட்டும் அசைந்தது. ஏதோ ஜெபம் பண்ணுகிறான் என்று நினைத்துக் காதைக் கொண்டுபோனேன்.

"வேகத்தடை ரெண்டு. பங்க். புளியமரம், புளியமரம், மரம் இல்ல, வளைவு. மெக்கானிக் கடை."

ரோட்டை ஒப்பித்துக்கொண்டிருந்தான். முன்னால் ஓர் அரசு பஸ் போய்க்கொண்டிருந்தது. அதன் சிவப்பு விளக்கை விடாமல் பின்தொடர்ந்தான். அது நின்றால் நின்றான். அது விலகினால் விலகினான்.

"அந்த செவப்ப புடிச்சிகினா போதும் மச்சான். வூடு வந்துடும்."

"அது வேற பக்கம் திரும்பிடுச்சுன்னா?"

அவன் அடுத்த வளைவை முணுமுணுத்தான். அப்போது இடதுபக்கம், கைநீட்டினால் தொடும் தூரத்தில், சைக்கிளில் ஒரு பெண்மணி புல்லுக்கட்டோடு வந்துகொண்டிருந்தாள். பஸ் அவளை உரசிக்கொண்டு போனது. அவள் காலை ஊன்றிக்கொண்டு திட்டியது எனக்குக் கேட்டது. அவன் தலை அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. அப்படி ஒருத்தி இருந்ததே அவனுக்குத் தெரியாது. நான் சொல்லவும் இல்லை. சொன்னால் ஸ்டியரிங்கை ஒடித்துவிடுவான் என்று பயந்தேன்.

பஸ்ஸைச் செய்யூர்ப் பக்கத்தில் விட்டுவிட்டு, வேறு பஸ் பிடித்து வந்து மெயின் ரோட்டில் இறங்கி வீட்டுக்கு நடக்கும்போது சொன்னேன், "போதும் மச்சான். வுட்டுடு."

"பையன் பிளஸ் டூ முடிக்கட்டும். இன்னும் ஒரு வருசம். அப்புறம் வண்டிய தொட மாட்டேன், உன் தங்கச்சி மேல சத்தியம்."

நான் ஒத்துக்கொண்டேன். ஒத்துக்கொண்டதோடு நிற்கவில்லை. அந்த வருடம்தான் அந்த ரோட்டை அகலப்படுத்த அளவெடுத்தோம். எங்கள் குழுவில் நானும் இருந்தேன். எந்த மரம் போகும், எந்தக் கடை உள்ளே தள்ளும், எங்கே நடுத்திட்டு வரும் என்பது எனக்கு முன்கூட்டியே தெரியும். அவனுடைய மனப்பாடம் கெட்டுவிடக்கூடாது என்று ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் அவன் வீட்டில் உட்கார்ந்து ஒரு நோட்டில் ரோட்டை வரைந்து காட்டினேன். தங்கை டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, "பஸ்ஸு ஓட்டறவருக்கு ரோட்ட நீ காட்டறியாண்ணா?" என்று சிரித்தாள். நாங்கள் இருவரும் நோட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

மரங்களை வெட்ட ஆரம்பித்ததும் என் படம் உதவாமல் போனது. இன்றைக்கு இருந்த தடுப்பு நாளைக்கு வேறு இடத்தில் இருந்தது. மண் மேடுகள் முளைத்தன. அவன் ஒப்பித்துக்கொண்டு வந்த ரோடு நாளுக்கு நாள் அழிந்துகொண்டிருந்தது. அவன் கன்னம் ஒட்டிப்போயிற்று.

மழை தூறிக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம் எனக்குப் போன் வந்தது. நான் அப்போதுதான் ஊருக்குள் நுழைந்திருந்தேன்.

"மச்சான், பாலத்துல நிக்கறேன். வா."

குரலில் பதற்றமே இல்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. வண்டியைத் திருப்பிக்கொண்டு போனேன். பாலாற்றுப் பாலத்தின் நடுவில் பஸ் நின்றிருந்தது. நான்கு பக்கமும் விளக்குகள் மின்னி மின்னி அணைந்தன. பின்னால் வண்டிகள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. பிள்ளைகள் கீழே இறங்கிக் கைப்பிடிச் சுவரை ஒட்டி நனைந்துகொண்டு நின்றார்கள். ஒரு பெண் என்னிடம், "அங்கிள், பிரேக் போயிடுச்சாம். அண்ணன் கரெக்டா நிறுத்திட்டாரு" என்றாள்.

அவன் சீட்டிலேயே இருந்தான். இரண்டு கைகளும் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்திருந்தன.

"எதிர்ல ஒரு லாரி ஃபுல் லைட்டு போட்டுகினு வந்தான். அவன் போனப்புறம் ஒண்ணுமே திரும்பி வர்ல மச்சான். செவப்பும் இல்ல, சுவரும் இல்ல. அப்டியே மிதிச்சிட்டேன். நான் எங்க கீறேன்? நடுவுலயா, ஓரத்துலயா?"

இறங்கிப் பார்த்தேன். இடது முன்சக்கரத்துக்கும் சுவருக்கும் நடுவே என் உள்ளங்கை நுழையும் அளவுக்கு இடம் இருந்தது. கீழே ஆற்றில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. மேலே ஏறி வந்து, "நடுவுலதான் கீற" என்றேன்.

கல்லூரியிலிருந்து மாற்று டிரைவர் ஒருவர் வந்தார். ஓட்டிப் பார்த்துவிட்டு, "பிரேக் நல்லாத்தானே புடிக்குது, அண்ணாத்த?" என்றார். என் மச்சான் பையை எடுத்துக்கொண்டு வந்து என் வண்டியில் ஏறினான். அடுத்த நாள் ரத்தக்கொதிப்பு என்று எழுதிக்கொடுத்துவிட்டு வேலையை விட்டான். வீட்டிலும் அதே ரத்தக்கொதிப்புதான். நான் கூடவே தலையாட்டினேன். அன்று இரவு நான் நிம்மதியாகத் தூங்கினேன் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். ஆபத்து முடிந்துவிட்டதாக நினைத்தேன்.

பையன் பிளஸ் டூ முடித்துச் செங்கல்பட்டில் கல்லூரியில் சேர்ந்தான். என் மச்சான் மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலோரத்தில் ஒரு விடுதியில் வாசல் காவலுக்குச் சேர்ந்தான். காலை ஆறிலிருந்து மத்தியானம் இரண்டு வரை. பகல் ஷிஃப்ட் மட்டும்தான் என்று கேட்டு வாங்கிக்கொண்டான். அந்த ஒன்றரை வருடம் அவன் கொஞ்சம் சதை போட்டான். ஆனால் பக்கவாட்டுப் பார்வை பகலிலேயே போய்க்கொண்டிருந்தது. பக்கத்தில் போய் நின்றால் தெரியாது. குரல் கேட்டதும் தலையை முழுதாகத் திருப்பித் தேடுவான். எப்போதாவது அவனை மாலை வரை இருக்கச் சொன்னால் எனக்குப் போன் செய்வான். நான் செங்கல்பட்டிலிருந்து திரும்பும் வழியில் போய் ஏற்றிக்கொண்டு வருவேன்.

அன்றைக்கும் போன் செய்தான். மாற்று ஆள் வரத் தாமதமாகிறதாம்.

"எப்ப மச்சான் வருவ?"

"அரை மணி நேரம். அங்கயே இரு."

நான் சொன்னது அரை மணி நேரம். அன்றைக்குப் பௌர்ணமி என்பதை மறந்துவிட்டேன். திருக்கழுக்குன்றத்தில் கிரிவலக் கூட்டம். வண்டிகளை ஊருக்கு வெளியே நிறுத்திச் சுற்றிவிட்டார்கள். போன் அடித்தேன், அவன் எடுக்கவில்லை. விடுதி வாசலுக்குப் போய்ச் சேர ஒன்றேகால் மணி நேரம் ஆகிவிட்டது. வாசலில் வேறொருவர் உட்கார்ந்திருந்தார்.

"அவுரு அப்பவே கெளம்பிட்டாரே சார். மச்சான் வருவாரு, வழியில பாத்துக்கறேன்னாரு. இருங்கன்னு சொன்னேன். நெலா வெளிச்சம் கீதே, நடக்கறதுக்கு இன்னான்னுட்டுப் போனாரு."

அவனுக்கு நிலா வெளிச்சம் என்று ஒன்று கிடையாது. நான் வர நேரமாகிறது, அந்தப் புது ஆளின் முன்னால் இருட்டில் உட்கார்ந்துகொண்டு இருக்க அவனால் முடியவில்லை. தெரிகிற ஆள் மாதிரி எழுந்து நடந்துவிட்டான்.

ரோட்டின் ஓரத்தில் வடிகாலுக்காகப் பள்ளம் வெட்டிப் போட்டிருந்தார்கள். தடுப்பு வைத்திருந்தார்கள், ஆனால் வரிசையாக இல்லை. வண்டியின் விளக்கைப் பள்ளத்தின் பக்கம் திருப்பிக்கொண்டு மெதுவாகப் போனேன். கொஞ்ச தூரத்தில் இரண்டு தடுப்புகளுக்கு நடுவே அவனுடைய சாப்பாட்டுப் பை விழுந்து கிடந்தது. பள்ளத்தில் மழைத்தண்ணீர் இடுப்பளவு நின்றது. தண்ணீருக்கு அடியில் கம்பிகள் கட்டியிருந்தார்கள். வேறு எதையும் நான் எழுதப்போவதில்லை.

மறுநாள் காலை செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில், பிரேதப் பரிசோதனைக்கு வெளியே காத்திருந்தோம். விசாரிக்க வந்த போலீஸ்காரர் நல்ல மனிதர். சத்தமில்லாமல்தான் கேட்டார்.

"தண்ணி போடுவாரா சார்?"

"மாட்டான்."

"தடுப்பு இருந்திருக்கு, நிலா இருந்திருக்கு. குடிக்காத மனுசன் எப்டி சார் விழுவாரு? மேல கேட்டா எழுதணும்ல?"

அவர் பேனா காகிதத்தின் மேல் நின்றது. அவன் அப்பாவைப் பற்றித் தெருவில் சொல்வதையே இவனைப் பற்றியும் எழுதிவிடப் போகிறார்கள் என்று தோன்றியது.

"அவனுக்கு இருட்டுல கண்ணு தெரியாது சார்" என்றேன். "சின்ன வயசுலேர்ந்தே தெரியாது."

முதல் தடவையாக வாய்விட்டுச் சொன்னேன். சொன்ன பிறகுதான் பக்கத்துப் பெஞ்சில் தங்கை உட்கார்ந்திருப்பதைக் கவனித்தேன். அவள் அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடக்கம் முடிந்து மூன்றாம் நாள், உறவுக்காரர்கள் போன பிறகு, சமையலறையில் வைத்துக் கேட்டாள்.

"உனக்கும் தெரியுமா? எப்பத்திலேர்ந்துண்ணா?"

"நீ… உனக்குத் தெரியுமா?"

"கல்யாணம் ஆயி மூணாம் நாளே தெரியும். சாயங்காலம் கரெண்ட் போச்சு. தண்ணி சொம்ப நீட்டறேன், அவரு கை வேற எங்கியோ தேடுது. நான் ஒண்ணும் கேக்கல. அதுலேர்ந்து அவரு போற வழியில ஒரு சாமான் வெக்க மாட்டேன். வாசல்ல லைட்ட அணைக்க மாட்டேன். வயித்துக்குன்னு கஷாயம் குடுத்தேனே, அது வயித்துக்கு இல்லன்னு எனக்குத் தெரியாதா? அவருக்குக் கண்ணு அவ்ளோ மோசம்னு மட்டும் தெரியாது. கொஞ்சம் மங்கல்னு நெனச்சுகினு இருந்தேன். உன்கிட்ட சொன்னா உன் கூட்டாளிய வெறுத்துடுவியோன்னு பயந்து சொல்லல. நீ எப்ப தெரிஞ்சுகின?"

"ஏழாவது படிக்கும்போது."

அவள் எரிந்துகொண்டிருந்த அடுப்பை நிறுத்தினாள்.

"அப்ப, ஓலை வாசிக்கும்போது தெரியும்."

"தெரியும்."

"பஸ்ஸு ஓட்டும்போது தெரியும். இங்க உக்காந்து ரோடு படம் போட்டியே, அப்பவும் தெரியும்."

"தெரியும்மா."

"என்கிட்ட கேட்டிருந்தா அப்பவும் நான் அவரத்தான் கட்டியிருப்பேன். ஆனா நீ கேக்கவே இல்லியே."

அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசவில்லை. கல்லறைக்குப் போனாலும் நான் போய்த் திரும்பிய பிறகுதான் அவள் வருவாள். இரண்டு தெரு தள்ளி இருந்துகொண்டு ஐந்து மாதம் அப்படிப் போனது. அந்த நாட்களில் சாயங்காலம் ஆனால் எனக்கு வீட்டுக்குள் இருக்க முடியாது. தெருவிளக்குகள் எரிகிற வரைக்கும் மெயின் ரோட்டில் போய் நின்றுகொண்டிருப்பேன்.

அப்புறம் ஒருநாள் காலை அவளே போன் செய்தாள். முகமன் எதுவும் இல்லை.

"பையன் நேத்து சாயங்காலம் வாசல்ல படுத்துகினு இருந்த நாய மிதிச்சிட்டான். வெள்ள நாய்ணா. நீ அவன கண் ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போ. இந்த வாட்டி இன்னாவா இருந்தாலும் என்கிட்ட சொல்லணும்."

அதே சென்னை, வேறு ஆஸ்பத்திரி. கண்ணில் சொட்டுமருந்து விட்டு உட்கார வைத்தார்கள். பிறகு ஓர் இருட்டறையில் கிண்ணம் மாதிரி ஒரு வெள்ளைக் கருவிக்குள் முகத்தை வைக்கச் சொன்னார்கள். உள்ளே அங்கங்கே சின்னச் சின்னப் புள்ளியாக வெளிச்சம் வருமாம், பார்க்கும்போதெல்லாம் கையிலுள்ள பொத்தானை அமுக்க வேண்டுமாம். நான் கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்தேன். பொத்தான் சத்தம் வெளியே கேட்டது. டக், டக், டக். பிறகு நின்றது. நான் எண்ண ஆரம்பித்தேன். இருபதுவரை எண்ணியும் சத்தம் இல்லை. உள்ளே புள்ளிகள் வந்துகொண்டுதான் இருக்கும் என்று எனக்குத் தெரியும். பிறகு ஒரு டக். மறுபடி ஒன்றும் இல்லை.

டாக்டர் ஓர் அம்மா. குடும்பத்தில் வேறு யாருக்காவது இருக்கிறதா என்று கேட்டார். பையனை வெளியே அனுப்பிவிட்டுச் சொல்லலாமா என்று ஒரு நொடி தோன்றியது. அவன் பக்கத்தில் இருக்கும்போதே எல்லாவற்றையும் சொன்னேன். கிணறு, டிரெய்லர், ரயிலில் கிழித்த சீட்டு, பஸ், பாலம். சக்கரத்துக்கும் சுவருக்கும் நடுவே இருந்த இடத்தையும் கைவிரித்துக் காட்டினேன். டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். ஆரம்ப நிலைதான், மெதுவாகத்தான் போகும், ஆனால் போகும், வருடா வருடம் வந்து காட்ட வேண்டும் என்றார்.

திரும்பி மின்சார ரயிலில் வந்தோம். பொத்தேரியில் ஒரு கூட்டம் மாணவர்கள் ஏறினார்கள். பையன் ஜன்னலோரம் உட்கார்ந்து, மருந்து விட்ட கண்ணை இடுக்கிக்கொண்டு போனில் யாரையோ கூப்பிட்டான்.

"மச்சி, ஞாயித்துக்கெழம பாண்டிக்கு வண்டி நான் ஓட்டல. ம்ஹூம். எனுக்கு இருட்டுனா கண்ணு தெரியாதாம்டா. ஆமா, இன்னிக்குத்தான் சொன்னாங்க. எங்கப்பாவுக்கும் இருந்திச்சு. டேய், சிரிக்காத, நெஜமாத்தான். வரேன் வரேன், பின்னாடி உக்காந்து வரேன்."

அவ்வளவுதான். போனை வைத்துவிட்டான். சுற்றி இருந்தவர்களுக்கும் கேட்டிருக்கும். அதைப் பற்றி அவனுக்குக் கவலை இருந்ததாகத் தெரியவில்லை. அவன் அப்பாவால் நாற்பத்தைந்து வருடம் சொல்ல முடியாத ஒன்று.

தங்கைக்கு நான் போன் செய்தேன். இருக்குது என்றேன். ஆரம்பம்தான் என்றேன். "ரெண்டு பேரும் சாப்ட்டீங்களா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "வாங்க" என்று வைத்துவிட்டாள்.

பரனூர் தாண்டியது. பெட்டிக்குள் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. கொளவாய் ஏரி ஓரமாக ரயில் மெதுவாகப் போயிற்று. பையன் ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்து வெளியே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மாமா, வெளிய இருட்டிடுச்சா?"

பார்த்தேன். ஏரித் தண்ணீர் முழுக்க மேற்கு வெளிச்சம் செம்பு மாதிரி பரவிக் கிடந்தது. அக்கரையில் நாரைகள் நிற்பதுகூடத் தெரிந்தது.

"இல்லப்பா" என்றேன். "இன்னும் இருக்குது."